க்ளீவ்: பிளக்குறதா, ஒட்டுறதா? இதுல பண்ணக்கூடாத தப்புகள்

இங்கிலீஷ்ல க்ளீவ் (cleave)னு ஒரு வெர்ப் இருக்கு, பேச்சுல அதிகம் வராது, ஆனா இங்கிலீஷ் பைபிள் படிக்கிறவங்க, பயோகெமிஸ்ட்ரி படிக்கிறவங்க, ஜிஆர்இ பரீட்சைக்கு ப்ரிப்பேர் பண்றவங்க எல்லாரும் எங்கயாவது இதுல வந்து முட்டி நிப்பாங்க. டிக்‌ஷனரியைத் தொறந்தா பிளக்குறதுன்னும் போட்டிருக்கும், ஒட்டிக்கிறதுன்னும் போட்டிருக்கும்.

முதல்ல கண்ணுல பட்ட அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போறதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல, ஆதியாகமம் 2:24ல, புருஷன் அப்பா அம்மாவை விட்டுட்டு "க்ளீவ் அன்டு (unto) ஹிஸ் வைஃப்"னு வரும். தமிழ் பைபிள்ல அதே இடத்துல "இசைந்திருப்பான்"னு இருக்கு, இதைப் போய் பிளக்குறதுன்னு படிச்சா வசனமே தலைகீழாயிடும். இது ஒரே வார்த்தை ரெண்டு அர்த்தம் எடுத்துக்கிட்ட கதை இல்லங்க, பழைய இங்கிலீஷ்ல க்ளேயோஃபன், க்ளிஃபியன்னு ரெண்டு தனித்தனி வெர்ப் இருந்துச்சு, போகப்போக உச்சரிப்பு ஒண்ணாகி ஸ்பெல்லிங்கும் ஒண்ணாயிடுச்சு.

அதனால வாக்கியத்துல பக்கத்துல என்ன இருக்குன்னு பாருங்க. ஒட்டிக்கிற அர்த்தம்னா பின்னாடி "டு" வரும், பழைய நடையா இருந்தா "அன்டு". "ஷீ க்ளீவ்ஸ் டு ஹெர் ஃபெய்த்"னா தன் நம்பிக்கையை விடாம பிடிச்சிருக்கான்னு அர்த்தம். அந்த "டு"வை விட்டுட்டு எழுதினீங்கன்னா நம்பிக்கையை ரெண்டா பிளந்த மாதிரி ஆயிடும்.

அடுத்து பாஸ்ட் டென்ஸ். பிளக்குறதுக்கு க்ளோவ், க்ளெஃப்ட், க்ளீவ்ட் மூணுமே உண்டு, ஒட்டுறதுக்கு இப்ப பொதுவா க்ளீவ்ட்தான் வழக்கம், அங்க க்ளோவ்னு எழுதாம இருக்கறது நல்லது. பிளவுபட்ட அண்ணத்துக்கு க்ளெஃப்ட் பேலட், மாட்டோட விரிகுளம்புக்கு க்ளோவன் ஹூஃப், இதெல்லாம் நிலைச்சுப்போன ஜோடி, மாத்திப் போட்டா காதுக்கே ஒட்டாது.

பூண்டுப் பல்லுக்கு சொல்ற க்ளோவ் இந்த பிளக்குற குடும்பம்தான், ஆனா கிராம்புக்கு சொல்ற க்ளோவ் வேற, அது ஆணின்னு அர்த்தம் வர்ற லத்தீன் வார்த்தையிலருந்து வந்தது, கிராம்போட வடிவத்தைப் பார்த்தாலே ஏன்னு புரியும்.

இன்னொண்ணு, வெங்காயம் வெட்டுறதுக்கெல்லாம் இதைப் போடாதீங்க, அதுக்கு கட், சாப் போதும். விறகு, பாறை மாதிரி இழை வாக்குலயோ அடுக்கு வாக்குலயோ பிளக்குறதுக்குத்தான் க்ளீவ் பொருந்தும். லேப்ல மட்டும் இது தினசரி வார்த்தை, ட்ரிப்சின் என்சைம் புரோட்டீனை க்ளீவ் பண்ணுதுன்னுதான் எழுதுவாங்க, அங்க கட்னு எழுதினாலும் புரியும், ஆனா பேப்பர்ல க்ளீவ்தான் வழக்கம்.