குசினிக் கழிவைத் தாங்கிக்குள் ஊற்றுமுன்: பிரி, அரை, ஊறவை

உங்கள் உயிர்வாயுத் தாங்கி (கழிவை உக்கவைத்து அடுப்புக்கு மீத்தேன் வாயு தரும் பயோகாஸ் தொட்டி) சாணிக் கரைசலில் ஏற்கெனவே ஓடுகிறது, அடுப்பும் எரிகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பிரிப்பு
சிரட்டை, பொச்சு, எலும்பு, முட்டைக்கோது எதுவும் வேண்டாம். பொச்சு உக்காது, கோது அடியில் படியும். தேசிக்காய், தோடம்பழத் தோலில் உள்ள லிமொனீன் என்ற வாசனை எண்ணெய் மீத்தேன் தரும் நுண்ணுயிர்களை முடக்கும். பால் பிழிந்த தேங்காய்ப்பூவில் எண்ணெய் மிஞ்சியிருப்பதால் வாயு நன்றாக வரும். ஆனால் மிதந்து ஏடு கட்டும், அளவாகப் போடுங்கள்.

2. அரைப்பு
பிளெண்டரைத் தொடாதீர்கள். வாழைப்பூ நார் கத்தியில் சுற்றினால் மோட்டார் போய்விடும். கையால் சுற்றும் இறைச்சி மெஷினே என் தெரிவு. சோறு, இடியப்பத்தைப் பிசைந்தாலே போதும்.

அவித்தால் இன்னும் வேகமாகக் கரையும்தான். ஆனால் 2022 தட்டுப்பாட்டில் இலங்கையில் காஸ் வரிசையில் நின்ற எவரும் குப்பை அவிக்க காஸ் எரிக்கமாட்டார்.

3. ஊறல்
ஒரு வாளி கழிவுக்கு ஒரு வாளி தண்ணீர். பைப் தண்ணீரைவிடத் தாங்கியிலிருந்து வழியும் கரைசல் மேல்: அதில் நுண்ணுயிரும் இருக்கிறது, புளிப்பைத் தாங்கும் காரமும் இருக்கிறது. மூடி, நிழலில் ஓர் இரவு வையுங்கள். கொழும்பு வெக்கைக்கு அது போதும்.

காலையில் வாளி புளித்து மணக்கும், பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5க்குக் கீழேயும் நிற்கலாம். புளிப்பை முறிக்க உடனே சுண்ணாம்புக்கு ஓடவேண்டாம், அது இயல்புதான். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேகமானவை, அதைத் தின்று மீத்தேன் தருபவை மெதுவானவை. நைசாக அரைத்ததை ஒரேயடியாக ஊற்றினால் பின்னவை திணறும், சுவாலை மங்கும். ஆகவே பிஎச் தாளை வாளியில் அல்ல, வழியும் கரைசலில் நனையுங்கள். 6.8க்கும் 7.4க்கும் இடையில் இருந்தால் தினமும் கொஞ்சமாக ஊற்றலாம். 6.5க்குக் கீழே இறங்கினால் தீனியை நிறுத்துங்கள். அப்படியும் ஏறாவிட்டால் அப்பச்சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். சுண்ணாம்பு எனக்குப் பிடிக்காது: காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் கட்டியாகி அடியில் தங்கிவிடும்.

பிற்சேர்க்கை: பொங்கலுக்கு மறுநாள் வாயு நின்றுபோனதாகப் பலர் எழுதியிருந்தீர்கள். மிஞ்சிய பொங்கலையும் வடையையும் ஒரே நாளில் கொட்டினால் அப்படித்தான் ஆகும். பிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளாகப் பிரித்துப் போடுங்கள். சட்டி கழுவிய சவர்க்காரத் தண்ணீரையும் தாங்கிப் பக்கம் விடாதீர்கள்.