காதுச் சொட்டு மருந்து: அடிக்கடி நடக்கும் தவறுகள்

காது வலித்ததும் போன தடவை மிச்சமான பாட்டிலைத் தேடி எடுப்பதுதான் பெரிய தவறு. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த சொட்டு மருந்து, காதுக் குழாயில் பாக்டீரியாவால் வரும் தொற்றுக்கும், செவிப்பறையில் நீர் வடியச் சிறு ட்யூப் வைத்த குழந்தைகளுக்குச் சீழ் வடிவதற்கும் உரியது. சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் வரும் தொற்றுக்கு இதை ஊற்றிப் பயனில்லை. ஓட்டை இல்லாத பறையைத் தாண்டி மருந்து உள்ளே போகாது.

பூஞ்சையிலும் இதே ஏமாற்றம்தான். வலியைவிட அரிப்பு அதிகம், உள்ளே வெள்ளைப் படலமோ கறுப்புப் புள்ளிகளோ இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். இந்த மருந்திலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை அடக்குவதால் ஓரிரு நாள் குணமானது போலத் தோன்றும், பூஞ்சையோ பெருகும். காதுக்குள் பார்க்காமல் மெடிக்கலில் கேட்டு வாங்கவே கூடாது என்பது இதனால்தான். இன்னொன்று, நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த சொட்டு. பறையில் ஓட்டை இருந்தால் அது உள்காதைத் தாக்கி, கேட்கும் திறனை நிரந்தரமாகக் குறைக்கலாம்.

விடும் முறையிலும் தப்பு நடக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த மருந்தை அப்படியே விட்டால் தலை சுற்றும். பாட்டிலை ஓரிரு நிமிடம் உள்ளங்கையில் வைத்திருங்கள். வெந்நீரில் போட வேண்டாம். கலங்கலான மருந்தென்றால் நன்றாகக் குலுக்குங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக, 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகும். முதலில் சொன்ன சிப்ரோஃப்ளாக்சசின்-டெக்சாமெத்தசோன் மருந்தின் வழக்கமான அளவு 4 சொட்டு, நாளைக்கு இருவேளை, 7 நாள். சொட்டியதும் ஒரு நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். உடனே எழுந்தால் மருந்து தலையணைக்குத்தான் போகும். பாட்டில் முனை காதில் படக்கூடாது.

வலி அடங்கியதும் மூன்றாம் நாளே நிறுத்தாதீர்கள். பட்ஸ் போட்டுக் குடையவோ எண்ணெய் காய்ச்சி ஊற்றவோ வேண்டாம். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காது வாயில் வையுங்கள். குழாய் வீங்கி அடைத்திருந்தால் சொட்டு உள்ளே இறங்காது. மருத்துவர் திரி வைத்து அதன் வழியே மருந்தை இறக்குவார்.

2, 3 நாளில் வலி குறையவில்லை என்றால் மறுபடி காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இரவில் தூங்கவிடாத காது வலி இருந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். தொற்று எலும்புக்குப் பரவியிருக்கலாம்.