சீரியலில் எழுத்துகள் காணாமல் போன கதை

ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் சீரியல் தொடர்பு, அதாவது பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் தொடர்பு. அனுப்புவதில் எந்தத் தகராறும் இல்லை. பெறுவதில்தான் வம்பு: "START" என்று அனுப்பினால் முதல் இரண்டு எழுத்து ஒழுங்காக வரும், அப்புறம் பாதி காணாது. வயரைச் சந்தேகித்து ஒரு மாலையே வீண்.

கடைசியில் கணக்குப் போட்டேன். ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளோடு ஓர் எழுத்துக்கு 10 பிட். அதாவது ஏறக்குறைய 1 மில்லிசெகண்டுக்கு ஓர் எழுத்து. வந்ததை எடுத்துப் படிக்கும் என் மெயின் லூப்பிலோ 100 மில்லிசெகண்ட் டிலே! சிப்பின் பெறும் பஃபரில் (வந்த எழுத்துகள் எடுக்கப்படும்வரை தங்கும் இடம்) இரண்டு பைட்டுக்குத்தான், அதாவது இரண்டு எழுத்துக்குத்தான் இடம். நிரம்பி வழியாமல் என்ன செய்யும்?

சரி, பெறும் வேலையை இன்டரப்டுக்கு (எழுத்து வந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு உடனே ஓடும் கோடு) மாற்றினேன். அது 64 பைட் வட்ட பஃபரில் (கடைசி இடத்துக்கு அப்புறம் முதல் இடத்துக்கே திரும்பும் பஃபர்) போட்டு வைக்கும், மெயின் லூப் நேரம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளும். அடுத்த இடத்தைக் காட்டும் இண்டெக்ஸில் ஒன்றைக் கூட்டி 63-உடன் பிட்வாரியாக ஆண்ட் செய்தால், 64 ஆனதும் தானாக 0-க்குச் சுற்றி வந்துவிடும்.

உடனே ஓடியதா? இல்லை. ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓடியது, -ஓஎஸ் (கோடின் அளவைக் குறைக்கும் கம்பைலர் ஆப்டிமைசேஷன்) போட்டதும் தரவுக்காகக் காத்திருக்கும் வைல் லூப்பிலேயே நின்றுவிட்டது. இன்டரப்ட் மாற்றும் இண்டெக்ஸுக்கு வாலட்டைல் (மதிப்பை ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) போட மறந்திருந்தேன். கம்பைலர் பழைய மதிப்பையே ரிஜிஸ்டரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்த பிறகு ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.