பிரிக்காத ஹீத்கிட் பெட்டி: வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பென்டன் ஹார்பரில் இருந்த ஹீத் கம்பெனி, 1947-ல் போரில் மிஞ்சிய உதிரிபாகங்களை வைத்து ஓ-1 ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) கிட்டை விற்கத் தொடங்கியது. கிட் என்றால் வாங்கியவரே கட்டிக்கொள்ள வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி. ஹீத் விற்ற கிட்தான் ஹீத்கிட். 1992-ல் கிட் வியாபாரத்தையே நிறுத்தியது. வாங்கியவர்கள் கட்டுவதற்காகத்தான் வாங்கினார்கள். கட்டாமல் விட்ட பெட்டிக்கு இன்று மதிப்பு வருவது அதனால்தான். கட்டிய செட்டில் யாரோ ஒருவருடைய சால்டர் (ஈயப் பற்று) வேலை இருக்கும், கட்டாததில் கம்பெனி அடுக்கியது அப்படியே இருக்கும்.

ஹீத்தின் வி-7ஏ என்ற வால்வு வோல்ட்மீட்டர் (வெற்றிடக் குழாய் வைத்து வோல்டேஜ் அளக்கும் கருவி) கிட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. மேனுவலில் தொடங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் டிக் அடிக்க ஒரு அடைப்புக்குறி இருக்கும். ஒன்றில் டிக் இருந்தாலும் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேனுவலில் வரும் 'என்.எஸ்.' என்றால் இப்போது சால்டர் வைக்காதே. 'எஸ்-2' என்றால் சால்டர் வை, அந்த முனையில் இரண்டு கம்பிகள் இருக்க வேண்டும். மடித்து வைத்த பெரிய படத்தாளும் திருத்தச் சீட்டும் தொலைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

2. பாகங்களைப் பட்டியலோடு எண்ணுங்கள். பெட்டி சீல் உடையாமல் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அந்த சீலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். திறந்த பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியவை முகப்புத் தகடு, மீட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர், 12ஏயு7 மற்றும் 6ஏஎல்5 வால்வுகள். சாதாரண ரெசிஸ்டர் ஒன்று குறைந்தால் பரவாயில்லை, எங்கும் கிடைக்கும். முகப்புத் தகடு போனால் இன்னொரு கிட்டை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

3. கால்களைப் பாருங்கள். புது ரெசிஸ்டரின் இரண்டு கால்களும் நீளமாக இருக்கும். வெட்டியோ வளைத்தோ இருந்தால், நுனியில் சால்டர் ஒட்டியிருந்தால், அது கழற்றிப் போட்டது.

4. மீட்டரைச் சோதிக்க மல்டிமீட்டரை வைக்காதீர்கள். இந்த மீட்டர் 200 மைக்ரோ ஆம்பியரிலேயே முள்ளைக் கடைசிவரை ஓட்டிவிடும். மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்ச் (மின்தடை அளக்கும் நிலை) அதைவிட அதிகம் செலுத்தினால் முள் அடித்து வளையும். மீட்டரை லேசாகச் சாய்த்தால் முள் ஆடும். பின்புறத்து இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து மறுபடி சாய்த்துப் பாருங்கள். ஆட்டம் சோம்பலாகிவிட்டால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) அறுபடவில்லை. மாற்றமே இல்லையென்றால் காயில் போயிருக்கலாம்.

ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்கு மல்டிமீட்டர் தாராளமாக வைக்கலாம். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு (மின்னைத் தேக்கிவைக்கும் பாகம்) மட்டும் நேரடியாக முழு வோல்டேஜ் கொடுக்காதீர்கள். பல பத்தாண்டுகள் சும்மா கிடந்ததில் உள்ளே ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். சூடாகி வெடிக்கவும் கூடும். கட்டப்போவதில்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

5. பத்திரப்படுத்துதல். ஈரம்தான் எதிரி. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரத்தை இழுத்து மதிப்பு ஏறிவிடும், அட்டைப்பெட்டி பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு, மொட்டைமாடி அறையிலோ பரணிலோ வைக்காமல், வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள். பிந்தைய கால ஐசி (சில்லு) கிட்களில் ஐசி குத்தியிருக்கும் கருப்பு ஸ்பாஞ்ச் நாளாக நாளாக நொறுங்கிக் கால்களை அரிக்கும். அதை எடுத்துவிட்டுப் புதிய ஆன்டி-ஸ்டாட்டிக் ஸ்பாஞ்சில் குத்தி, மாற்றியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அடுத்து வாங்குபவர் கேட்பார்.