பழைய கொரோலா 121இன் ஓட்டோ கியர் ஸ்லிப் ஆகிறதா? கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவ ஏற்றத்தில், எங்கள் வீட்டு டொயோட்டா கொரோலா 121 திடீரென்று இரையத் தொடங்கியது. ஆர்.பி.எம் முள் 2,500இலிருந்து 4,000க்கு ஏற, வேகமானி முள்ளோ இறங்கிக்கொண்டே வந்தது. மறுநாள் கொண்டுபோய்க் காட்டிய கராஜில் வாகனத்தை ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பொக்ஸை மாற்றச் சொன்னார்கள். உண்மையில், ஒயில் கூலருக்குப் போகும் குழாயின் கிளிப் தளர்ந்து, கியர் ஒயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருந்தது. குழாயை மாற்றி ஒயிலை நிரப்பிய பிறகு அதே கியர்பொக்ஸுடன் அந்த வாகனம் மூன்று ஆண்டுகள் ஓடியது.

முதலில், ஸ்லிப் எது, இயல்பு எது என்று பிரித்தறிய வேண்டும். ஏற்றத்தில் அக்சிலேட்டரை ஆழமாக மிதித்தால் கியர் ஒன்று இறங்கி ஆர்.பி.எம் ஏறுவது இயல்பு. அப்போது வாகனம் உடனே வலுவாக இழுக்கும். ஸ்லிப் ஆகும்போது இரைச்சல் மட்டும் கூடி இழுவை குறையும். இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும் அந்தக் கணத்தில் முள் மேலே துள்ளிப் பிறகு இறங்குவதும் ஸ்லிப்பின் அறிகுறியே.

அடுத்தது ஒயில். பலர் இதை எஞ்சின் ஒயில் பார்ப்பதைப் போல எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். இந்த டொயோட்டாவில் அப்படிப் பார்த்தால் அளவு பிழைக்கும். இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை 'பி'யிலிருந்து 'எல்' வரை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்திக் கொண்டுபோய் மீண்டும் 'பி'க்குக் கொண்டுவந்த பிறகு டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒயில் 'ஹொட்' அடையாளங்களுக்கு இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும்; மிகுந்தால் நுரைக்கும்; இரண்டிலும் ஒயில் அழுத்தம் விழுந்து கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் வழுக்கும். பின்பு ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, முகர்ந்தும் பாருங்கள். சிவப்பு நல்லது, பழுப்பு பழையது. கறுத்து, கருகிய வாடையுடன், விரலில் தேய்த்தால் பொடி நெருடுமானால் கிளட்ச் பிளேட்டின் பூச்சு எரிந்துவிட்டது என்று பொருள். இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் வழியாகத் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வாகனத்தை அதற்குமேல் ஓட்டவே கூடாது.

அளவும் நிறமும் சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால், அது எந்தக் கியரில் என்று பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை பாதி விடை இங்கேதான் இருக்கிறது. முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒருசேர வழுக்கினால் பம்ப், பில்டர், மொத்த அழுத்தம் போன்ற பொதுவான இடத்தில் சந்தேகப்படலாம். 'டி'யில் புறப்படும்போது மட்டும் வழுக்கி 'எல்'லில் பிடித்தால், ஒருபக்கம் மட்டும் சுழலவிடும் ஒன்-வே கிளட்ச் தேய்ந்திருக்கக்கூடும். ரிவர்ஸ் மட்டும் போயிருந்தால் கியர்பொக்ஸுக்குள் ரிவர்ஸுக்குரிய கிளட்சையோ பிரேக்கையோ பார்க்க வேண்டும். ஓவர் டிரைவை, அதாவது நான்காம் கியரை, நிறுத்தியதும் கோளாறு மறைந்தால் நான்காம் கியர்ப் பகுதியையும், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் நேரடியாகப் பிணைக்கும் லொக்-அப்பையும் பார்க்கலாம். 'ஓவர் டிரைவ் ஒஃப்' விளக்கு தானாக மினுக்கினால் ஸ்கேனர் பூட்டிக் கோளாறுக் கோட் எடுக்காமல் எதையும் கழற்ற விடாதீர்கள். சில வேளை ஒயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வான ஒரு சொலினாய்டுதான் காரணமாக இருக்கும்.

இன்னொரு சோதனையை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஒயில் சூடான நிலையில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, 'என்'இலிருந்து 'டி'க்குப் போட்டு, வாகனம் மெல்ல அதிரும் வரை எவ்வளவு நேரமாகிறது என்று கைப்பேசியில் அளக்க வேண்டும். 'டி'க்கு 1.2 வினாடிக்குள், 'ஆர்'க்கு 1.5 வினாடிக்குள் பிடிக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் அளவு. ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். காலையில் தாமதித்துச் சூடானபின் சரியாகப் பிடித்தால் உள்ளே ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம்; சூடான பிறகே வழுக்கினால், ஒயில் இளகும்போது தேய்ந்த இடங்களில் அழுத்தம் கசிகிறது. பிரேக்கை மிதித்தபடி முழு அக்சிலேட்டர் கொடுத்துச் செய்யும் ஸ்டோல் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். ஐந்து வினாடிக்கு மேல் போனாலே உள்ளே வெப்பம் தாங்காது. அதைவிட அழுத்தமானி பூட்டி அளக்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுவது மேல்.

ஒயில் வெறும் பழுப்பாக இருந்தால், டொயோட்டாவின் டைப் டி-4 வகைக் கியர் ஒயிலைக் கொண்டே, இயந்திரத்தால் பிளஷ் செய்யாமல், இறக்கி நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடியும் செய்யலாம்; எஞ்சினின் சுழற்சியை ஒயில் மூலம் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் நிற்கும் பழைய ஒயில் ஒரே தடவையில் வராது. கறுத்துப் பொடி கலந்த ஒயிலை மாற்றினால் எரிந்த பிளேட் திரும்பி வராது. அந்தக் கியர்பொக்ஸைத் திறந்தே ஆக வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கியர்பொக்ஸைப் பூட்டுவதானால், பழைய கூலரையும் அதன் குழாய்களையும் கழுவித் தராமல் வாகனத்தைப் பொறுப்பேற்காதீர்கள். அதற்குள் தங்கிய பொடி முதல் நாளே புதிதாகப் பூட்டியதற்குள் போய்விடும்.