ரேட் லிமிட்: எண்ணிக்கைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஏபிஐ கேட்வே (வரும் ரிக்வெஸ்ட்களை வாங்கிப் பின்னால் இருக்கும் சர்வருக்கு அனுப்பும் வாசல்) பக்கம் புதிதாக வருபவர்களின் கான்ஃபிக் ரிவ்யூவுக்கு வரும்போதெல்லாம் ரேட் லிமிட் (ஒருவர் குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்ற வரம்பு) பற்றி ஒரே கேள்வியும் கூடவே வரும்: "நிமிடத்துக்கு 100 போதுமா, 200 வைக்கலாமா?" எண்ணிக்கையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். யார் கணக்கில் எண்ணுகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரீலோட் செய்ய மறப்பது, பாத்தைத் தப்பாக எழுதுவது எல்லாம் தானாகவே தெரிந்துவிடும், அவற்றை விடுகிறேன்.

லோட் பேலன்சரையே யூசராக எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். ஐபி வாரியாக லிமிட் வைப்பார்கள். தங்கள் லேப்டாப்பிலிருந்து கேட்வேயை நேரடியாகத் தட்டிப் பார்ப்பார்கள். 101-வது ரிக்வெஸ்ட் 429 (அளவுக்கு மீறிய ரிக்வெஸ்ட் என்ற பதில்) வாங்கும், சந்தோஷம். புரொடக்‌ஷனில் முன்னால், டிராஃபிக்கைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் நிற்கிறது. கேட்வேயின் கண்ணுக்கு அதன் ஐபி மட்டும்தான் தெரியும். அத்தனை யூசரும் ஒரே கணக்கில்.

ஒரு டீமில் இது நடந்தபோது கூட இருந்து பார்த்தேன். டிராஃபிக் ஏறியதும் சம்பந்தமே இல்லாதவர்களுக்கெல்லாம் 429. லிமிட்டை 500 ஆக்கினார்கள், அப்புறம் 2000. புகார் நின்றது. லிமிட்டும் செத்தது: ஒரே ஒரு கிறுக்கு ஸ்கிரிப்ட் அந்த 2000-ஐயும் தின்றுவிட்டு மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்தலாம். அக்சஸ் லாகைத் திறந்திருந்தால் போதும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 10.0 என்று ஆரம்பிக்கும் அதே இரண்டு முகவரிகள். இரண்டாக இருந்ததுதான் ஆளைக் குழப்பியது. பேலன்சரின் ஒரு நோடு வழியாக வந்தவர்களுக்கு அடைபட்டிருக்கும்போது மற்றதன் வழியாக வந்தவர்களுக்கு வேலை செய்தது. "எனக்கு வருதே" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் தெரிந்ததும் செய்த திருத்தம் அதைவிட மோசம். ரிக்வெஸ்ட் கடந்து வந்த ஐபிகளை வரிசையாகச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரில் இடது ஓரத்தில் இருக்கும் ஐபியை எடுத்தார்கள். அந்த ஹெட்டரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். பேலன்சர் பொதுவாகத் தான் பார்த்த முகவரியை வலது முனையில்தான் சேர்க்கும். ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு பொய் ஐபி போட்டால் ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு! வலமிருந்து வந்து, நம்முடைய பிராக்ஸிகளைத் தாண்டியதும் கிடைக்கும் முதல் முகவரியை மட்டும் நம்புங்கள். கேட்வேயாகவும் பயன்படும் என்ஜின்எக்ஸ் சர்வரில் ரியல் ஐபி மாட்யூல் இதைச் செய்யும்: பேலன்சரின் சப்நெட்டை மட்டும் நம்பிக்கைப் பட்டியலில் போட்டு, ரிகர்சிவ் (real_ip_recursive) ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். சோம்பல்பட்டு 0.0.0.0/0 (எல்லா ஐபியும்) போட்டால் மறுபடி பொய் ஐபிக்குக் கதவு திறந்தாயிற்று.

சரியான ஐபி கிடைத்தாலும் அது ஓர் ஆள் அல்ல. மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிக்குப் பின்னால் ஏகப்பட்ட பேர் இருக்கலாம். லாகின் இருக்கும் இடத்தில் அக்கவுன்ட்டையோ ஏபிஐ கீயையோ எண்ணுங்கள், அதுவும் கீயைச் சரிபார்த்த பிறகு. காங் (Kong) என்ற கேட்வேயில் கன்ஸ்யூமர் (ஏபிஐயைப் பயன்படுத்தும் கணக்கு) வாரியாக வைத்துவிட்டு ஆதன்டிகேஷன் பிளகினை மறந்தால், அது சத்தமில்லாமல் ஐபிக்கே போய்விடும்.

பர்ஸ்ட் இல்லாமல் விடுவது

என்ஜின்எக்ஸில் நொடிக்கு 10 என்றால் 100 மில்லி நொடிக்கு ஒன்று என்று அர்த்தம். ஒரு ஸ்கிரீன் திறக்கும்போது ஆறு ரிக்வெஸ்ட் ஒன்றாகப் போனால் ஒன்று உள்ளே, ஐந்து வெளியே. பர்ஸ்ட் (லிமிட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் ஏற்கும் எண்ணிக்கை) கொடுங்கள். கூடவே நோ-டிலே (nodelay) ஆப்ஷனையும் கொடுங்கள். இல்லையென்றால் மிச்சமெல்லாம் வரிசையில் காத்திருக்கும், ஏபிஐ மெதுவாகிவிட்டது என்று வேறு எங்கோ தேடுவீர்கள்.

ஒவ்வொரு கேட்வேயும் தனித்தனியாக எண்ணுவது

நான்கு இன்ஸ்டன்ஸ், ஒவ்வொன்றிலும் 100 என்றால் உண்மையான லிமிட் 400 வரை போகும். ஆட்டோஸ்கேல் ஆனால் இன்னும் கூடும். பின்னால் இருக்கும் சர்வரைக் காப்பாற்றுவதற்கு மட்டும் என்றால், என்னைக் கேட்டால், இது பரவாயில்லை. காசு வாங்கிக்கொண்டு கோட்டா தருகிறீர்கள் என்றால் எல்லா இன்ஸ்டன்ஸும் சேர்ந்து எண்ண, ரெடிஸ் டேட்டாபேஸ் போன்ற பொதுக் கணக்கு வேண்டும். ரெடிஸ் விழுந்தால் கதவைத் திறந்து விடுவதா மூடுவதா என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

நிமிட எல்லை

12:00:59-க்கு 100, 12:01:00-க்கு இன்னொரு 100. ஃபிக்சட் விண்டோ (ஒவ்வொரு நிமிடமும் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் முறை) இரண்டையும் விடும்.

503 அனுப்புவது

லிமிட் தாண்டினால் என்ஜின்எக்ஸின் டிஃபால்ட் அதுதான்; சர்வரே கிடைக்கவில்லை என்ற அர்த்தம் வரும். 429 ஆக மாற்றுங்கள்.

ரீட்ரை-ஆஃப்டர் இல்லாத 429

எப்போது மறுபடி வரலாம் என்று அந்த ஹெட்டர் சொல்லாவிட்டால் கிளையன்ட் உடனே மறுபடி அடிக்கும்.

ஹெல்த் செக்கையும் எண்ணுவது

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ரிக்வெஸ்ட்கள் அவை. வேண்டாம்.

நேரடியாக அமல்படுத்துவது

என்ஜின்எக்ஸ் 1.17.1 முதல் டிரை ரன் இருக்கிறது: யாரையும் தடுக்காமல், தடுத்திருந்தால் யார் மாட்டியிருப்பார்கள் என்று லாகில் மட்டும் எழுதும். சில நாள் அப்படி ஓட விட்டு லாகைப் படியுங்கள். மாட்டுவது எல்லாம் ஒரே ஐபியாக இருந்தால், லிமிட்டை ஏற்றும் முன் அந்த ஐபி யாருடையது என்று பாருங்கள்.