இன்சுலின் ஏற்றும் முன் இரண்டு எண்களைப் பாருங்கள்

இன்சுலினை சிரிஞ்சில் இழுப்பதற்கு முன், வயலில் (மருந்துக் குப்பியில்) உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் அருகருகே பிடித்து வாய்விட்டுப் படியுங்கள். 40 என்றால் 40, 100 என்றால் 100. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் இழுக்கவே வேண்டாம்.

நம் நாட்டில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வலிமையிலும் வயல்கள் கிடைக்கின்றன. ஒரே வார்டு ஃப்ரிட்ஜில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சிரிஞ்சின் கோடுகள் காட்டுவது கன அளவைத்தான். 40 சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்பது அரை மி.லி.; அதில் 100 வலிமை மருந்தை இழுத்தால் நோயாளிக்குப் போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். மாறாக, 40 வலிமை மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வெறும் 8 யூனிட்தான்.

சிரிஞ்சுகளில் சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100 என்பது வழக்கம். ஆனால் மூடியைக் கழற்றியதும் அந்த அடையாளம் கையை விட்டுப் போய்விடுகிறது, அதனால் சிரிஞ்சின் குழாயில் அச்சிட்ட எண்ணையே நம்புங்கள். பொருத்தமான சிரிஞ்ச் இல்லையா? மனக்கணக்குப் போடாமல் ஸ்டோரிலிருந்து வரவழையுங்கள், மருத்துவரின் ஆர்டரில் உள்ள யூனிட்டை இன்னொரு செவிலியரோடு சேர்ந்து சரிபாருங்கள்.

இன்சுலின் பேனாவுக்கு இந்த முறை பொருந்தாது. அதில் திருகி வைக்கும் எண்ணே யூனிட். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்தை எடுக்கவே கூடாது.